புதிய வாடிக்கையாளர் வேண்டும்: காசையும் நேரத்தையும் எதில் போடுவது?

சிறு தொழில் நடத்துபவர்களிடம் விளம்பரத்தைப் பற்றிப் பேசினால், பேச்சு பெரும்பாலும் "கூகுள் நல்லதா, இன்ஸ்டாகிராம் நல்லதா?" என்றுதான் தொடங்கும். இப்படிக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. குழாய் உடைந்து வீடெல்லாம் தண்ணீர் நிற்கும்போது யாரும் இன்ஸ்டாகிராமைப் புரட்டிக்கொண்டு உட்கார மாட்டார்கள். நீங்கள் கையால் செய்யும் விளக்கு என்று ஒன்று இருப்பதே தெரியாதவர் அதைக் கூகுளில் தேடப்போவதும் இல்லை. உங்களிடம் வாங்குபவர் எந்தக் கட்டத்தில், எதைப் பார்த்து, யாரைக் கேட்டு முடிவு செய்கிறார் என்பது தெரிந்தால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி, உங்கள் நேரம். பெரிய நிறுவனத்தில் விளம்பரத்துக்கென்று ஒரு துறையே இருக்கும். சிறு தொழிலில் வேலை செய்பவரும் நீங்கள்தான், கணக்குப் பார்ப்பவரும் நீங்கள்தான், இரவில் உட்கார்ந்து போஸ்ட் போடுபவரும் நீங்கள்தான். வாரத்துக்கு நாலைந்து மணி நேரம் ஒதுக்கினாலே பெரிய விஷயம். அதை ஐந்து வழிகளுக்குப் பங்கு போட்டால் ஐந்தும் அரைகுறையாக நிற்கும். கீழே உள்ளவற்றைப் படித்துவிட்டு ஒன்றை முக்கிய வழியாகவும் இன்னொன்றைத் துணையாகவும் எடுத்துக்கொண்டு, மற்றதைத் தைரியமாகக் கைவிடலாம்.

செலவழிக்கும் முன் ஒரு கணக்கு

ஒரு வாடிக்கையாளரால் உங்களுக்கு மொத்தமாக எவ்வளவு லாபம் வரும்? விற்பனைத் தொகையைக் கேட்கவில்லை, லாபத்தைக் கேட்கிறேன். எந்த நாட்டுப் பணம் என்பதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பார்ப்போம். ஒரு வேலைக்கு 1,000 வாங்குகிறீர்கள், செலவு போக 400 மிஞ்சுகிறது, ஒருவர் சராசரியாக மூன்று முறை வருகிறார் என்றால் அவரால் கிடைப்பது 1,200. அவரைக் கொண்டுவர விளம்பரத்தில் 300 போனாலும் தாங்கும். அதே 400தான் மிஞ்சுகிறது, ஆனால் அவர் ஒரே ஒரு முறைதான் வருவார் என்றால், 300 கொடுத்து அவரைக் கொண்டுவருவது ஏறக்குறைய சும்மா உழைப்பதுதான். இந்த எண் கையில் இல்லாமல் எந்த விளம்பரத்தையும் மலிவு என்றோ அதிகம் என்றோ சொல்ல முடியாது. விளம்பரம் விற்க வருகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

அப்புறம், வருகிற விசாரிப்புகளுக்கு ஒழுங்காகப் பதில் போகிறதா என்று பாருங்கள். 2011இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ ஓர் ஆய்வை வெளியிட்டது. அமெரிக்காவில் 2,241 நிறுவனங்களிடம் இணையம் வழியாக விசாரித்துப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொன்னவை 37 சதவீதம். பதிலே சொல்லாதவை 23 சதவீதம். இவையெல்லாம் அந்த விசாரிப்புகளைக் கொண்டுவரக் காசு செலவழிக்கும் நிறுவனங்கள்! போனை எடுக்காமல், வாட்ஸ்அப்புக்கு மறுநாள் பதில் போட்டுக்கொண்டு விளம்பரம் செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. உங்களால் உடனே பதில் சொல்ல முடியாது என்றால், "வேலையில் இருக்கிறேன், மாலை 6 மணிக்குள் அழைக்கிறேன்" என்று தானாகப் போகும் ஒரு செய்தியையாவது போட்டுவையுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் இந்த வசதி இலவசமாகவே இருக்கிறது.

ஏற்கெனவே இருப்பவர்கள் வழியாக

செலவைப் பார்த்தாலும் சரி, விசாரித்தவர் வாடிக்கையாளராக மாறும் வாய்ப்பைப் பார்த்தாலும் சரி, பெரும்பாலான சேவைத் தொழில்களுக்கு இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். தெரிந்தவர் சொல்லி வருபவர் பாதி நம்பிக்கையோடு வருகிறார். விலையில் அவ்வளவாக இழுபறி செய்வதில்லை. இருந்தும் பலர் இதை ஒரு விளம்பர வழியாகவே எண்ணுவதில்லை. "நல்லா வேலை செஞ்சா தானா வருவாங்க" என்று விட்டுவிடுகிறார்கள். தானாக வருவார்கள்தான், ஆனால் கேட்டால் வரும் அளவுக்கு வர மாட்டார்கள். உங்கள் வேலையில் முழுத் திருப்தி அடைந்தவருக்குக்கூட உங்களைப் பற்றி நாலு பேரிடம் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு வருவதில்லை. அவருக்கு அவர் பாடு.

கேட்பதிலும் ஒரு முறை உண்டு. "யாராவது இருந்தா சொல்லுங்க" என்றால் எதிரில் இருப்பவருக்கு யார் முகமும் நினைவுக்கு வராது. கேள்விக்குள் ஒரு ஆள் இருக்க வேண்டும். நீங்கள் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர் என்றால் இப்படிக் கேட்கலாம்: "உங்களுக்குத் தெரிந்தவர்களில் இந்த வருடம் புதிதாகத் தொழில் தொடங்கியவர் யாராவது உண்டா? முதல் வருடக் கணக்கில்தான் நிறையப் பேர் தடுமாறுவார்கள். அரை மணி நேரம் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது." இதைக் கேட்டதும் அவருக்குச் சட்டென்று ஒரு பெயர் தோன்றும். கையோடு, அவர் அப்படியே ஃபார்வர்ட் செய்யும்படி மூன்று வரிச் செய்தி ஒன்றை அனுப்பிவிடுங்கள். உங்களைப் பற்றி அவரே எழுத வேண்டும் என்றால் அந்தப் பேச்சு நாளைக்கு, நாளை மறுநாளைக்கு என்று தள்ளிப்போய்விடும்.

எப்போது கேட்பது? அவர் வாய்விட்டு நன்றி சொல்லும் நேரத்தில். பில் அனுப்பும்போது கேட்காதீர்கள். அப்போது அவர் கண் தொகையில் இருக்கும்.

யாரிடம் கேட்பது என்பதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர்கள் மூலம் வேலை கிடைத்தவர்களை விசாரித்தபோது, தகவல் சொன்னவர்களில் பெரும்பாலானோர் நெருங்கிய நண்பர்கள் அல்ல, எப்போதாவது பார்த்துப் பேசும் அறிமுகங்கள் என்று தெரிந்தது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்த ஆட்கள் உங்களுக்கும் தெரிந்த ஆட்கள்தான். தூரத்து அறிமுகம்தான் நீங்கள் இதுவரை எட்டாத வட்டத்துக்குள் கொண்டுபோகும். அது வேலை தேடுவதைப் பற்றிய ஆய்வு, ஆனால் வாடிக்கையாளர் தேடுவதற்கும் அந்தக் காரணம் பொருந்துகிறது. மூன்று வருடத்துக்கு முன் ஒரே ஒரு முறை வந்துபோன வாடிக்கையாளரை அழைத்து நலம் விசாரிப்பது, தினமும் பார்க்கும் நண்பரிடம் பத்தாவது முறையாகச் சொல்வதைவிடப் பலன் தரும்.

பரிந்துரைத்தவருக்குப் பரிசு கொடுக்கலாமா? இணையத்தில் கோப்புகளைச் சேமிக்க இடம் தரும் டிராப்பாக்ஸ் நிறுவனம் தன் ஆரம்ப காலத்தில் அழைத்தவருக்கும் வந்தவருக்கும் கூடுதல் இடம் கொடுத்து வேகமாக வளர்ந்தது. அங்கே பரிசு பணமாக இல்லை, அந்தச் சேவையாகவே இருந்தது. இரண்டு பேருக்கும் கிடைத்தது. சிறு தொழிலுக்கும் இந்த வடிவம்தான் நல்லது. பரிந்துரைத்தவர் கையில் பணம் கொடுத்தால் அவர் வார்த்தைக்கு இருந்த மதிப்பு குறைந்துவிடும், கமிஷனுக்காகச் சொல்கிறார் என்று ஆகிவிடும். மருத்துவம், சட்டம் போன்ற தொழில்களில் பல நாடுகளில் இப்படிக் கொடுப்பதற்குத் தடையே உண்டு என்பதால் அவர்கள் தங்கள் விதிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வழியின் குறை வெளிப்படையானது. இந்த மாதம் எத்தனை பேர் வருவார்கள் என்று உங்களால் சொல்ல முடியாது. இன்றுதான் கடை திறந்தவருக்குப் பழைய வாடிக்கையாளரே கிடையாது. அவர்களுக்கு இன்னொரு வடிவம் இருக்கிறது: ஒரே ஆட்களுக்கு வேறு சேவை தரும் தொழில்காரர்களோடு கூட்டு. வீட்டுக்கு வண்ணம் பூசுபவரும் மின்வேலை செய்பவரும் ஒருவர் வாடிக்கையாளரை மற்றவரிடம் அனுப்பலாம். 1985இல் தொடங்கிய பிஎன்ஐ அமைப்பு இதையே ஒழுங்குபடுத்தி, ஒரு குழுவில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான் என்ற விதியோடு வாராவாரம் கூட்டம் நடத்துகிறது. கட்டணமும் வாராந்திர நேரமும் உங்கள் கணக்குக்குக் கட்டுப்படியாகிறதா என்று பார்த்துவிட்டுச் சேரலாம். நாலு தொழில்காரர்களோடு நீங்களே பேசிவைத்துக்கொண்டாலும் அதே பலன்தான்.

கூகுள் வரைபடப் பதிவு

குறிப்பிட்ட பகுதியில் இயங்கும் தொழில் என்றால், இதைச் செய்யலாமா வேண்டாமா என்று யோசிக்கவே தேவையில்லை. கூகுள் பிசினஸ் புரொஃபைல் (2021 வரை இதன் பெயர் கூகுள் மை பிசினஸ்) இலவசம். "அருகில்" என்று தேடும்போது வரைபடத்தோடு வரும் பட்டியல் இதிலிருந்துதான் வருகிறது. அந்த வரிசையைப் பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றை வைத்து முடிவு செய்வதாகக் கூகுளே சொல்கிறது. காசு கொடுத்து அந்த வரிசையில் மேலே போக முடியாது என்றும் சொல்கிறது. ஆகவே "கூகுள் மேப்பில் முதலிடம் உத்தரவாதம்" என்று யாராவது போன் செய்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

தூரம் உங்கள் கையில் இல்லை. பொருத்தத்துக்கு முதன்மை வகையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது முக்கியம். பொதுவாக "ஸ்டூடியோ" என்று போடாமல், உங்கள் வருமானத்தில் பெரும்பகுதி எந்த வேலையில் வருகிறதோ அதற்கு நெருங்கிய வகையைப் போடுங்கள். தொழிலின் பெயருக்குள் "சிறந்த", "மலிவான" என்று சொற்களைத் திணிப்பது விதிமீறல், பதிவே முடக்கப்படலாம். வாடிக்கையாளர் இடத்துக்கே போய் வேலை செய்பவராக இருந்தால் வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, சேவை செய்யும் பகுதியை மட்டும் காட்டலாம்.

பிரபலத்தில் ரிவ்யூக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவற்றுக்காகத் தள்ளுபடியோ பரிசோ கொடுக்கக் கூடாது, திருப்தியாக இருப்பவர்களை மட்டும் வடிகட்டிக் கேட்கவும் கூடாது. இரண்டும் கூகுள் விதிக்கு எதிரானவை. எல்லோரிடமும் கேளுங்கள். வேலை முடிந்த அன்றே நேரடி இணைப்பை அனுப்புங்கள். ஒரே வாரத்தில் முப்பது ரிவ்யூ வந்து அப்புறம் ஒரு வருடம் எதுவும் வராமல் இருப்பதைவிட, மாதத்துக்கு இரண்டு மூன்று என்று வருவதுதான் படிப்பவருக்கு நம்பிக்கை தரும். மோசமான ரிவ்யூவுக்கு எழுதும் பதிலைத் திட்டியவரைவிடப் புதிதாகப் படிப்பவர்கள்தான் அதிகம் பேர் பார்ப்பார்கள் என்பதால், அவர்களை மனதில் வைத்து எழுதுங்கள்.

முதல் அமைப்புக்கு ஒரு நாள், அப்புறம் வாரத்துக்கு அரை மணி நேரம். இதற்கு ஈடான வேறு வழி இல்லை.

தேடல் விளம்பரம்

கூகுள் ஆட்ஸ் (2000இல் ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கியது) ஒரு விஷயத்தில் மற்ற எல்லாவற்றையும்விட மேல்: இன்று காசு போட்டால் இன்றே போன் அடிக்கலாம். தேடுபவருக்குத் தேவை ஏற்கெனவே இருக்கிறது. அவசர வேலைகள், பெரிய தொகை கொண்ட வேலைகள், நேரம் பார்த்து வரும் வேலைகள் (வரிக் கணக்கு, பள்ளிச் சேர்க்கைப் பயிற்சி) இதற்கு மிகப் பொருத்தம்.

ஆனால் கவனிக்காமல் விட்டால் காசு கரையும் வேகத்திலும் இதுதான் மேல். புதிதாகக் கணக்கு தொடங்குபவரைக் கூகுள் எளிய "ஸ்மார்ட்" முறைக்குத்தான் தள்ளும். அதிலிருந்து வெளியே வந்து முழு அமைப்புள்ள முறைக்கு மாறுங்கள். இடத்துக்கான அமைப்பு இயல்பாகவே உங்கள் பகுதியில் இருப்பவர்களோடு, அந்தப் பகுதியில் ஆர்வம் காட்டுபவர்களையும் சேர்த்துக்கொள்ளும். ஆயிரம் மைல் தள்ளி இருப்பவர் உங்கள் ஊரைப் பற்றித் தேடினாலும் விளம்பரம் காட்டப்படலாம். அந்தப் பகுதியில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். தேடலுக்கு வெளியே மற்ற இணையதளங்களிலும் விளம்பரத்தைக் காட்டும் டிஸ்பிளே நெட்வொர்க் என்ற குறியையும் எடுத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு வாரமும், மக்கள் உண்மையில் என்ன சொற்களைத் தட்டி உங்கள் விளம்பரத்துக்கு வந்தார்கள் என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். "இலவசம்", "வேலைவாய்ப்பு", "நீங்களே செய்வது எப்படி" போன்றவை அதில் இருந்தால் விலக்குச் சொற்களில் (இவற்றைத் தேடினால் விளம்பரம் காட்ட வேண்டாம் என்ற பட்டியலில்) சேருங்கள். இந்தப் பட்டியலைப் பார்க்கும் பொறுமை இல்லாதவர்கள் தேடல் விளம்பரத்துக்கே போக வேண்டாம் என்பேன். இன்னொன்று: ஒரு நாளைக்கு நீங்கள் வைக்கும் பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்கு வரை சில நாட்களில் கூகுள் செலவழிக்கும். மாதக் கணக்கில் அது அன்றாட பட்ஜெட்டின் 30.4 மடங்கைத் தாண்டாது. இது தெரியாமல் முதல் வாரத்திலேயே பதறி நிறுத்துகிறவர்கள் உண்டு.

பதறி நிறுத்துவதைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன், எந்தக் கட்டண விளம்பரத்துக்கும் உதவும். கிளிக் செய்கிறவர்களில் 100க்கு 5 பேர் அழைப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். மோசமான விகிதம் இல்லை. அப்படியும் முதல் 20 கிளிக்கில் ஒருவர்கூட அழைக்காமல் போக ஏறக்குறைய 36 சதவீத வாய்ப்பு உண்டு. அதாவது நன்றாக ஓடும் விளம்பரத்தையே மூன்றில் ஒருவர் "இது வேலைக்காகாது" என்று நிறுத்திவிடுவார். 60 கிளிக் வரை போயும் ஒருவர்கூட அழைக்கவில்லை என்றால் நிலைமை வேறு. 5 சதவீதம் அழைக்கும் விளம்பரத்துக்கு அப்படி நேர 5 சதவீதத்துக்கும் குறைந்த வாய்ப்புதான். அங்கே விளம்பரத்திலோ, அது கொண்டுபோய் விடும் பக்கத்திலோ கோளாறு இருக்கிறது என்று தைரியமாக முடிவு செய்யலாம். ஆகவே 60 கிளிக்குக்கு எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கணக்குப் போட்டு, அந்தத் தொகையைப் பரிசோதனைச் செலவாக ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் இன்னும் நேரம் வரவில்லை. பாதித் தொகையோடு இறங்கினால் ஒன்றுமே தெரியாமல் அந்தப் பாதியும் போகும்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்

இங்கே யாரும் உங்களைத் தேடி வரவில்லை. பொழுதுபோக்க வந்தவர் முன்னால் நீங்கள் போய் நிற்கிறீர்கள். பார்த்தாலே ஆசை வரும் பொருள் என்றால் (அலங்காரம், உடை, புகைப்படம், அறை வடிவமைப்பு) இது அருமையான இடம். வரிக் கணக்குக்கும் குழாய் பழுதுக்கும் அவ்வளவு இல்லை.

காசு கொடுக்காமல் போஸ்ட் போடுவதையும், காசு கொடுத்து விளம்பரம் செய்வதையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இலவச போஸ்ட் உங்களைப் பின்தொடர்பவர்களிலேயே கொஞ்சம் பேருக்குத்தான் போகும். தினமும் ரீல்ஸ் போடுவது வாரத்துக்குப் பத்து மணி நேரத்தைத் தின்றுவிடும். அந்த வேலை உங்களுக்கே பிடித்திருந்தால் செய்யுங்கள். பிடிக்காமல் கடமைக்குச் செய்தால் இரண்டே மாதத்தில் நின்றுபோகும். நின்றுபோன பக்கம் பக்கமே இல்லாததைவிட மோசம், கடையை மூடிவிட்டார்கள் என்று நினைப்பார்கள். பலருக்கு என் ஆலோசனை: உங்கள் வேலையின் தரம் தெரியும்படி பன்னிரண்டு நல்ல படங்கள், விலை எந்த அளவில் தொடங்கும் என்ற குறிப்பு, தொடர்புகொள்ளும் வழி, அவ்வளவு போதும். பரிந்துரையின் பேரில் வருபவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவதற்கான இடம் அது.

கட்டண விளம்பரத்துக்கு வந்தால், போஸ்ட்டின் அடியில் இருக்கும் "பூஸ்ட்" பொத்தானை அழுத்துவதுதான் எல்லோரும் செய்வது. அதைவிட, விளம்பரங்களை அமைக்கும் பக்கமான ஆட்ஸ் மேனேஜருக்குள் போய் நோக்கத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது மேல். லைக் வேண்டும் என்று கேட்டால் லைக் போடும் பழக்கம் உள்ளவர்களாகப் பார்த்து அது காட்டும். அவர்கள் வாங்குகிறவர்களா என்பது அதன் கவலை இல்லை. விசாரிப்பு வேண்டும் என்றால் அதையே நோக்கமாக வையுங்கள். அதிலும் செயலிக்குள்ளேயே திறக்கும் படிவத்தில் பெயரும் எண்ணும் தானாக நிரம்பியிருப்பதால், தட்டியதே நினைவில்லாதவர்களின் எண்கள் நிறைய வரும். படிவத்தில் கையால் எழுத வேண்டிய ஒரு கேள்வியைச் சேர்த்தால் எண்ணிக்கை குறையும், வருகிறவர்கள் உண்மையாக இருப்பார்கள்.

2021 ஏப்ரலில் வந்த ஐபோன் மென்பொருள் ஐஓஎஸ் 14.5இலிருந்து, பயனரைப் பின்தொடர செயலிகள் அனுமதி கேட்க வேண்டும் என்று ஆப்பிள் கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகு ஃபேஸ்புக் காட்டும் முடிவு எண்களில் ஒரு பகுதி மதிப்பீடுதான். ஒரு விளம்பரத் தொகுப்பு நிலைப்பட வாரத்துக்குச் சுமார் 50 முடிவுகள் (நீங்கள் நோக்கமாக வைத்த விசாரிப்பு போன்றவை) வேண்டும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே சொல்கிறது. சிறிய பட்ஜெட்டில் அந்த எண்ணை எட்டுவது கஷ்டம். எனவே பட்ஜெட்டை ஐந்து விளம்பரத் தொகுப்புகளாக உடைக்காமல் ஒன்றிலேயே வையுங்கள்.

வாட்ஸ்அப் பட்டியலும் மின்னஞ்சலும்

இவை புதியவர்களைக் கொண்டுவராது, வந்தவர்களைத் தக்கவைக்கும். ஒருவர் திரும்பத் திரும்ப வரும் தொழிலுக்கு மட்டும் இதில் நேரம் போடலாம். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியின் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும், ஆகவே வேலை முடிந்ததும் எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். எங்கிருந்தோ வாங்கிய எண்களுக்கு மொத்தமாக அனுப்பினால் புகார் பெருகி எண்ணே முடக்கப்படும்.

மின்னஞ்சல் நிறுவனங்களுக்கு விற்பவர்களுக்கு இன்றும் நன்றாக வேலை செய்கிறது. 1978இல் கேரி துர்க் என்பவர் இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே விற்பனை மடலை அனுப்பியதைத்தான் முதல் ஸ்பேம் என்பார்கள். அன்றே எரிச்சல் கிளம்பியது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புபவர்களுக்கு விதிகளை இறுக்கிவிட்டன: அனுப்பும் டொமைனுக்கு (முகவரியில் @க்குப் பின் வரும் பெயருக்கு) முறையான சான்று, ஒரே கிளிக்கில் விலகும் வசதி, ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்துக்குள். கேட்டுப் பெற்ற 200 முகவரிகள், வாங்கிய 20,000 முகவரிகளைவிட மேல்.

பட்டியலை உங்கள் கையிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் பிசினஸ் புரொஃபைலோடு இலவசமாகக் கிடைத்த இணையதளங்களைக் கூகுள் 2024 மார்ச்சில் மூடியது. அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் அவசர அவசரமாக வேறு இடம் தேட வேண்டியிருந்தது.

மற்றவை

துண்டுப் பிரசுரம், ஒரு குறுகிய பகுதிக்கு மட்டும் சேவை தருபவருக்குச் சரி. தனித்தனி எண்ணோ குறியீடோ போட்டு எதிலிருந்து அழைப்பு வந்தது என்று பாருங்கள். கமிஷன் வாங்கும் செயலிகளும் சந்தைத் தளங்களும் ஆரம்பத்தில் கையில் வேலை இல்லாதபோது உதவும். ஆனால் அங்கே வாடிக்கையாளர் உங்களுடையவர் இல்லை, தளத்துடையவர். தேதி காலியாகக் கிடக்கும்போது நிரப்பப் பயன்படுத்துங்கள். பெரிய நிறுவனங்களுக்கு விற்பவர் என்றால் இருபது நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றைப் பற்றியும் படித்து, ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுவது எந்த விளம்பரத்தையும்விட மேல்.

எது வேலை செய்தது?

ஒவ்வொரு புதியவரிடமும் "எங்களைப் பற்றி முதலில் எப்படித் தெரிந்தது?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். கணினி அறிக்கைகளுக்கு இது மாற்று இல்லை, ஆனால் அவை மறைக்கும் ஒன்றை இது காட்டும். நண்பர் உங்கள் பெயரைச் சொல்கிறார், இவர் அந்தப் பெயரைக் கூகுளில் தட்டுகிறார், மேலே இருக்கும் உங்கள் விளம்பரத்தையே கிளிக் செய்கிறார். அறிக்கையில் பெருமை விளம்பரத்துக்குப் போகும். இணையச் சந்தைத் தளமான ஈபே 2012இல் தன் பெயரைத் தேடுபவர்களுக்குக் காட்டிய விளம்பரங்களைச் சில தேடுபொறிகளில் நிறுத்திப் பார்த்தது. விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் கீழே இருந்த இலவச இணைப்பு வழியாக வந்துவிட்டார்கள். அதே ஆய்வில், ஈபேயை அதிகம் பயன்படுத்தாதவர்களிடமும் புதியவர்களிடமும் தேடல் விளம்பரத்துக்குப் பலன் இருந்தது. உங்களைத் தெரியாதவர்களுக்கு விளம்பரம், தெரிந்தவர்களுக்கு வேண்டாம் என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

யாருக்கு எது?

அவசரத்துக்கு அழைக்கப்படும் தொழில் என்றால் வரைபடப் பதிவு முதலில், போதவில்லை என்றால் தேடல் விளம்பரம். நம்பிக்கையை வைத்துத் தேர்ந்தெடுக்கப்படும் தொழில் (கணக்கு, சட்டம், பயிற்சி, ஆலோசனை) என்றால் பரிந்துரை முதலில், துணைக்கு மின்னஞ்சல். பார்த்து மயங்கி வாங்கும் பொருள் என்றால் இன்ஸ்டாகிராமில் கட்டண விளம்பரம், வாங்கியவர்களுக்கு வாட்ஸ்அப் பட்டியல். கையில் காசு இல்லை, நேரம் இருக்கிறது என்றால் கூட்டுத் தொழில்காரர்கள். காசு இருக்கிறது, நேரம் இல்லை என்றால் தேடல் விளம்பரம், ஆனால் தேடிய சொற்களின் அந்த வாரப் பட்டியலைப் பார்க்க ஒருவர் வேண்டும்.

எதை எடுத்தாலும் மூன்று மாதம் கொடுங்கள். கட்டண விளம்பரத்தின் முடிவு அதற்கு முன்பே தெரியும். பரிந்துரைக்கும் ரிவ்யூக்களுக்கும் அந்த அவகாசம் வேண்டும்.

நாமே செய்வதா, ஏஜென்சியிடம் கொடுப்பதா?

மாத விளம்பரச் செலவைவிட ஏஜென்சிக் கட்டணம் அதிகம் என்றால் நீங்களே செய்யுங்கள். அந்த அளவுக்கு அங்கே அவர்களுக்கு வேலையே இருக்காது. கொடுப்பது என்று முடிவு செய்தால் விலையைவிட முக்கியமாக இரண்டைக் கேளுங்கள். ஒன்று, என் பெயரைத் தேடி வந்தவர்களை நீக்கிவிட்டு எத்தனை விசாரிப்பு என்று தனியாகக் காட்ட முடியுமா? எண்களை ஊதிக்காட்ட எளிய வழி அதுதான் என்பதால் இதற்குத் தயங்குகிறவரை விட்டுவிடலாம். இரண்டு, விளம்பரக் கணக்கு, வரைபடப் பதிவு, டொமைன் மூன்றும் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் திறக்கப்பட வேண்டும். அவர்களுக்கு மேலாளர் அனுமதி மட்டும் கொடுங்கள். சில ஏஜென்சிகள் தங்கள் கணக்கிலேயே எல்லாவற்றையும் நடத்திவிட்டு, ஒப்பந்தம் முடியும்போது விளம்பர வரலாறு, ரிவ்யூக்கள் சேர்ந்த பதிவு எதையும் தராமல் கையை விரிக்கின்றன. உரிமையாளர் யார் என்று கணக்கின் அமைப்புப் பக்கத்தில் பார்த்துக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். முதல் தொகையைக் கட்டும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.